பரிசலில் வந்த மூன்றாவது மாலை

முன்னொரு காலத்தில், ராஜாக்களுக்குக் கோபம் வந்தால் ஏரி குளம்கூடத் தப்ப முடியாத காலத்தில், ஒரு ராஜா இருந்தார். மனிதர் நல்லவர்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஒன்று தொந்தரவு கொடுத்தால் அதைச் சரிசெய்யும் பொறுமை அவருக்குக் கிடையாது, ஒழித்துக்கட்டிவிடுவார். விடியற்காலைத் தூக்கம் கெடுகிறதென்று தலைநகரத்துச் சேவல்களையெல்லாம் நாடுகடத்தியவர் அவர். படைக்காவலோடு சேவல்கள் எல்லைக்குப் போனதை ஊரே கூடி நின்று வேடிக்கை பார்த்தது.

அவருடைய சபையில் விகடம் செய்து பிழைத்தவன் தாண்டவன். ராஜாவைச் சிரிக்கவைப்பதுதான் அவன் வேலை என்று எல்லோரும் நினைத்தார்கள். அது பாதி வேலை. ராஜா எதையாவது ஒழிக்கக் கிளம்பும்போது குறுக்கே விழுந்து தடுப்பது மீதிப் பாதி. அந்தப் பாதிக்குச் சம்பளமும் கிடையாது, நன்றியும் கிடையாது.

இந்த முறை ராஜா ஒழிக்கக் கிளம்பியது ஓர் ஏரியை.

அது ஏன் என்று புரிய வேண்டுமானால் அந்த நாட்டில் சேதி வருகிற விதத்தைச் சொல்லியாக வேண்டும். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். மலையடிவாரத்தில் இரண்டு ஏரிகள் இருந்தன. ஒன்று கருங்கல் ஏரி, இன்னொன்று தாமரை ஏரி. மழைக்காலத்தில் அவை நிரம்பித் தளும்பினால் மிச்சத் தண்ணீர் கால்வாய் வழியாகத் தலைநகரம்வரை வந்து ஆற்றில் விழும். விழுகிற இடத்தில் ஒவ்வோர் ஏரிக்கும் ஒரு வெள்ளக்கதவு. சமயத்தில் திறக்காவிட்டால் ஏரிக்கரை உடையும். வீணாகத் திறந்துவிட்டாலோ கோடைக்குத் தண்ணீர் இருக்காது. அதிலும் கருங்கல் ஏரியின் கதவைத் திறந்தால் ராஜாவின் மல்லிகைத் தோட்டம் முழங்காலளவு சேற்றில் முழுகிப்போகும். ஆகவே இரண்டு ஏரிகளின் நிலவரமும் தினந்தோறும் அரண்மனைக்கு வந்துசேர வேண்டும்.

நிலவரம் மணிமாலையாக வரும். மாலைக்கு மூன்று மணி. முதல் மணி நீருக்கு, அடுத்தது கரைக்கு, கடைசி மணி ஏரியின் மதகுக்கு. வெள்ளை மணி என்றால் சௌக்கியம். கறுப்பு என்றால் ஆபத்து. இதுவரைக்கும் புத்திசாலித்தனமான ஏற்பாடுதான். இதற்குமேல்தான் சம்பிரதாயம் வந்து உட்கார்ந்துகொண்டது.

ராஜாவுக்கு வரும் மாலை ராஜாவுக்கே சமம் என்பது அந்த நாட்டு வழக்கம். அதைத் தாம்பாளத்தில் வைத்து, மேலே குடை பிடித்துத்தான் கொண்டுவர வேண்டும். ஒரு தாம்பாளத்தில் ஒரு மாலைதான். இரண்டு வைத்தால், ஒரே சிங்காசனத்தில் இரண்டு ராஜாக்களை உட்காரவைத்த குற்றம்; தலை போய்விடும். ஓட்டக்காரன் தாம்பாளத்தோடு ஓட, குடைக்காரன் பின்னாலேயே ஓட, காற்று குடையைப் பிடுங்கிக்கொண்டு போக, இரண்டு பேரும் குடையைத் துரத்த, அந்த நாட்டில் சேதி இப்படித்தான் வந்தது. சிரிக்காதீர்கள். கௌரவம் என்று வந்துவிட்டால் எல்லோரும் இப்படித்தான்.

கருங்கல் ஏரியின் மாலை மலைப்பாதையில் வரும். தாமரை ஏரியின் மாலை காட்டுப்பாதையில் வரும். மூன்றாவதாக ஒரு வழி உண்டு, அது ஆறு. இரண்டு ஏரிகளுக்கும் நடுவே ஆற்றங்கரையில் ஒரு மண்டபம் இருந்தது. அங்கிருந்து தினம் ஒரு பரிசல் புறப்பட்டு அரண்மனைப் படித்துறைக்கு வரும். மண்டபம்வரைக்கும் குடையும் வேண்டாம், தாம்பாளமும் வேண்டாம்; ஆடு மேய்க்கிறவர்கள்கூட இரண்டு ஏரிகளின் மாலைக்கும் நகலைக் கொண்டுவந்து கொடுத்துவிடுவார்கள். ஆனால் பரிசலில் ஏறுவது ஒரு தாம்பாளம், அதில் ஒரு மாலை. ஆக, ஓர் ஏரியின் நகல்தான் ஆற்றில் வர முடியும்.

போன மழைக்காலத்தில் ஒருநாள் பரிசலில் தாமரை ஏரியின் நகலை ஏற்றினார்கள். அன்றைக்குப் பார்த்து மலைப்பாதை சரிந்துவிட்டது. தாமரை ஏரி சௌக்கியமாக இருக்கிறது என்ற சேதி இரண்டு தடவை வந்தது. கருங்கல் ஏரியின் சேதி வரவேயில்லை. அதன் கரை ஓர் ஓரத்தில் உடைந்து, வயல்கள் பாழாகி, ராஜாவின் தோட்டத்திலும் சேறு புகுந்தது. வயல்களைப் பற்றி ராஜா வருத்தப்பட்டார். தோட்டத்தைப் பற்றிக் கோபப்பட்டார்.

மறுபடியும் கார்மேகம் கூடியபோது அந்தக் கோபம் திரும்பி வந்தது.

"ஏரி இருந்தால்தானே அதைப் பற்றிச் சேதி வேண்டும்?" என்றார் ராஜா. "கருங்கல் ஏரியை வெட்டி வடித்துவிடுங்கள். தொல்லை விட்டது."

"இதைவிடச் சிறந்த யோசனை இருக்க முடியாது, மகாராஜா" என்று எழுந்தார் பிரதானி கோனேரியார். மந்திரிகளுக்கெல்லாம் மேலானவர் அவர். ஏரி வடிந்தால் அடியில் இருக்கும் வண்டல் நிலத்தைத் தம் மருமகனுக்கு எழுதி வாங்கிவிடலாம் என்று அவர் எப்போதோ கணக்குப் போட்டுவைத்திருந்தார். தாண்டவனைக் கண்டாலே அவருக்கு வயிறு எரியும். அந்த ஏரிக்குக் கீழேதான் தாண்டவனுடைய மாமனார் ஊர் என்பதும் அவருக்குத் தெரியும்.

தாண்டவன் வந்து நடுவில் நின்றான். "மகாராஜா, அந்த ஏரியை நம்பி ஊர்கள் இருக்கின்றன. ஏரி போனால் அவர்கள் மண்ணைத்தான் தின்ன வேண்டும். சேதி தவறியதற்கு ஏரி என்ன செய்யும்?"

"அப்படியானால் தவறாமல் நீ வரவழைத்துக் கொடு" என்றார் ராஜா. "இந்த மழைக்காலம் முழுவதும். பாதைகளில் எது வேண்டுமானாலும் ஒன்று உடையட்டும். இரண்டு ஏரிகளின் நிலவரமும் அன்றன்றைக்கே எனக்குத் தெரிய வேண்டும்."

பிரதானி குறுக்கிட்டார். "புதுப் பாதை போடக் கூடாது. இன்னொரு பரிசல் விடக் கூடாது. பரிசலில் ஒரு தாம்பாளம், ஒரு மாலை, மூன்று மணி. சம்பிரதாயம் மீறினால் தலை போகும். எந்தப் பாதை உடையும் என்று பரிசல்காரனுக்கு முன்கூட்டித் தெரியவும் தெரியாது. ஒருநாள் ஒரு சேதி தவறினாலும் ஏரி வெட்டப்படும். சரிதானே, மகாராஜா?"

"சரிதான்" என்றார் ராஜா.

"ஒரு சந்தேகம்" என்றான் தாண்டவன். "ஒரு மாலை என்று சம்பிரதாயம் சொல்கிறது. அது எந்த ஏரியின் மாலை என்று சொல்கிறதா?"

ராஜா யோசித்துப் பார்த்தார். "இல்லையே. ஒரு மாலை, அவ்வளவுதான்."

"போதும், மகாராஜா" என்று கும்பிட்டான். போதும் என்று ஏன் சொன்னான் என்று அவனுக்கே தெரியாது. வாய் முந்திக்கொண்டது.

வீட்டில் அவன் மனைவி செங்கமலம் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சேதி அவனுக்கு முன்னாலேயே வீட்டுக்கு வந்துவிட்டிருந்தது.

"எங்கப்பாரு ஊரு ஏரிய வெட்டப்போறாங்களாமே. நீங்க அங்க என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க?"

"போதும்னு சொல்லிட்டு வந்தேன்."

"நல்லாத்தான் இருக்கு" என்று முறத்தைக் கீழே வைத்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. "அந்தத் தண்ணியக் குடிச்சு வளர்ந்தவ நான். அது இல்லாம எங்க சனம் எங்க போகும்?"

அவன் பேச்சை மாற்றுவதற்காக, "திருவிழாவுக்கு உங்கம்மா வர்றாங்களா?" என்று கேட்டான்.

"வரமாட்டா."

"சொல்லியனுப்பினாங்களா?"

"அவ எதுக்குச் சொல்லியனுப்பணும்? எங்கத்தை வர்றேன்னு ஆள் அனுப்பிச்சிருக்கு. அத்தை ஆம்னா அம்மா இல்லைம்பா, அத்தை இல்லைன்னா அம்மா ஆம்பா. ரெண்டு பேருக்கும் எப்பவும் எதிர்ப்பேச்சுதான். ஒருத்தி சொன்னது தெரிஞ்சா இன்னொருத்தி சொன்னது தெரியாதா?"

தாண்டவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். "இன்னொரு தரம் சொல்லு."

"எதை?"

"ரெண்டு பேரும் எதிர்ப்பேச்சுன்னு எனக்குத் தெரியும். அத்தை பேச்சு வந்துடுச்சு, அம்மா பேச்சு வரல. ஆனாலும் அம்மா பேச்சு தெரிஞ்சுபோச்சு. அம்மா ஆள் அனுப்பி, அத்தை அனுப்பலைன்னாலும் அப்படியேதான். அப்ப நடுவுல இருக்கறவன் ரெண்டு பேர் பேச்சையும் சுமக்க வேணாம். ஒத்துப்போச்சா, ஒத்துப்போகலியா, அதை மட்டும் சொன்னாப் போதும்."

"உங்களுக்குப் புத்தி பேதலிச்சுப்போச்சு" என்றாள் செங்கமலம். அவன் அதற்குள் தெருவில் இருந்தான்.

ஆற்றங்கரை மண்டபத்தில் வெள்ளையம்மாள் என்று ஒரு பூக்காரி இருந்தாள். கோர்ப்பதில் கை தேர்ந்தவள். தாண்டவன் அவளிடம் சொன்னது இதுதான்: "ரெண்டு ஏரி மாலையும் உங்கிட்ட வரும். பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாரு. ரெண்டுலயும் ஒரே நிற மணி இருந்தா, நீ வெள்ளை மணி கோரு. நிறம் வேற வேறயா இருந்தா, கறுப்பு மணி கோரு. அந்தப் புது மாலையப் பரிசல்ல ஏத்து. மத்த ரெண்டையும் பிரிச்சு மணியை எடுத்துவச்சுக்க."

"இதுக்கு என்னய்யா அர்த்தம்?"

"தனியா இதுக்கு ஒரு அர்த்தமும் இல்ல."

"அரமணைச் சமாசாரம்னா அப்படித்தான்" என்று அவள் ஒத்துக்கொண்டாள்.

சூட்சுமத்தைத் தாண்டவன் சபையில் சொல்லவில்லை. சொன்னால், ஒரே மாலையில் இரண்டு ஏரிகளின் பேச்சு இருக்கிறதே, இதுவும் இரண்டு ராஜா குற்றம்தானே என்று பிரதானி பிடித்துக்கொள்வார். வாயை மூடிக்கொண்டான். அவனைப் போன்றவனுக்கு அது பெரிய தண்டனை.

மழை பிடித்துக்கொண்டது. ஒருநாள் காட்டுப்பாதையில் வெள்ளம் வந்து, தாமரை ஏரியின் மாலை வரவில்லை. கருங்கல் ஏரியின் மாலை வந்தது: மூன்றும் வெள்ளை. பரிசல் மாலை வந்தது: வெள்ளை, வெள்ளை, கறுப்பு.

முதல் இரண்டு மணிகள் ஒத்துப்போகின்றன, கடைசி மணி ஒத்துப்போகவில்லை. கருங்கல் ஏரியின் மதகு நன்றாக இருக்கிறது. அப்படியானால் தாமரை ஏரியின் மதகு நன்றாக இல்லை. தாண்டவன் மனதுக்குள் கணக்கை முடித்துவிட்டு, "தாமரை ஏரியில் மதகு பழுது, மகாராஜா. தச்சர்களை அனுப்புங்கள்" என்றான். மறுநாள் நனைந்த கோழியைப் போல வந்துசேர்ந்த ஓட்டக்காரனின் தாம்பாளத்தில் வெள்ளை, வெள்ளை, கறுப்பு மாலை இருந்தது. ராஜா கைதட்டினார்.

இங்கேதான் ஒரு வினை முளைத்தது. பரிசல் மாலையும் தவறிப்போன மாலையும் அன்றைக்கு ஒன்றுபோல இருந்தன அல்லவா? எந்த ஏரியின் சேதி தவறுகிறதோ அதன் நகல்தான் பரிசலில் வருகிறது என்று ராஜா நினைத்துக்கொண்டார். பிரதானியும் அப்படியே நினைத்தார். தாண்டவன் எப்படியோ ஊகித்துவிடுகிறான் என்று புழுங்கினார். புழுங்கியவர், பரிசலில் குடை பிடிக்கும் வேலைக்குத் தம் ஆளை நுழைத்தார். மலைப்பாதையில் கோடாரிக்காரர்களை நிறுத்திவைத்தார்.

பிறகு வானம் பொத்துக்கொண்டு ஊற்றிய நாள் வந்தது. அன்று மலைப்பாதையில் ஓட்டக்காரன் வரவில்லை. காட்டுப்பாதையில் தாமரை ஏரியின் மாலை வந்தது: கறுப்பு, கறுப்பு, வெள்ளை. நீர் ஏறிவிட்டது, கரை கசிகிறது. ராஜா உடனே தாமரை ஏரியின் வெள்ளக்கதவைத் திறக்கச் சொன்னார். அடுத்துப் பரிசல் படித்துறைக்கு வந்தது. குடைக்காரன் இறங்கும்போதே பிரதானியின் காதில் ஏதோ சொன்னான். பிரதானியின் முகம் மலர்ந்தது.

தாம்பாளத்தில் இருந்த மாலையில் மூன்று மணிகளும் வெள்ளை.

தாண்டவன் மனதுக்குள் கணக்குப் போட்டான். மூன்றும் வெள்ளை என்றால் மூன்றும் ஒத்துப்போகின்றன. தாமரை ஏரி எப்படியோ கருங்கல் ஏரியும் அப்படியே. அங்கும் நீர் ஏறிவிட்டது, அங்கும் கரை கசிகிறது. செங்கமலத்தின் அப்பா அந்தக் கரைக்குக் கீழேதான் படுத்துத் தூங்குகிறார்.

"மகாராஜா, கருங்கல் ஏரியின் கதவையும் திறக்கச் சொல்லுங்கள். இப்போதே."

"என்ன உளறுகிறாய்?" என்றார் ராஜா. "மாலை முழுவதும் வெள்ளை. கருங்கல் ஏரி சௌக்கியம் என்று உன் பரிசலே சொல்கிறதே. என் மல்லிகையை மூழ்கடிக்கச் சொல்கிறாயா?"

"இது கருங்கல் ஏரியின் மாலை இல்லை, மகாராஜா. இரண்டு ஏரிகளும் ஒத்துப்போகின்றனவா என்று மட்டும் சொல்லும் மாலை."

சபை சிரித்தது. "மாலை வெள்ளை என்றால் ஏரி கறுப்பாம்" என்றார் பிரதானி. "விகடத்துக்கும் ஒரு வேளை உண்டு, தாண்டவா. மகாராஜா, தோட்டம் பாழாக வேண்டாம்."

ராஜா பிரதானியைப் பார்த்துத் தலையாட்டினார். தாண்டவனுக்கு எல்லாவற்றையும் விளக்கிச் சொல்ல நேரமில்லை. ஆனமட்டும் சொன்னாலும் இன்றைக்கு யாரும் நம்பப்போவதில்லை. அவன் பிரதானியின் முகத்தை நன்றாகப் பார்த்தான். அந்த மலர்ச்சி அவனுக்கு விஷயத்தைச் சொல்லிவிட்டது. இந்த மனிதருக்கு ஏதோ தெரிந்திருக்கிறது.

சட்டென்று குரலை மாற்றிக்கொண்டு சிரித்தான். "மகாராஜா மன்னிக்க வேண்டும். தோட்டத்தின்மேல் தங்களுக்கு எவ்வளவு ஆசை என்று பார்க்கத்தான் விளையாடினேன். பிரதானியார் சொல்வதே சரி. கருங்கல் ஏரி பரம சௌக்கியம். மலைப்பாதை உடைந்தும் அதன் சேதி வந்துவிட்டது. பார்த்தீர்களா, மழைக்காலம் முடியாவிட்டாலும் பந்தயத்தில் ஜெயித்த மாதிரிதான். ஏரியை வெட்டும் பேச்சு இனிமேல் கிடையாது. வெகுமதி என்ன என்று சொன்னால் வீட்டுக்குப் போவேன்."

"ஜெயித்துத்தான் விட்டாய்" என்று ராஜா எழுந்தார். கையில் காப்பாகப் போட்டிருந்த தோடாவைக் கழற்றத் தொடங்கினார்.

பிரதானிக்குப் பொறுக்கவில்லை. ஏரி உடைகிறவரை வாயை மூடிக்கொண்டிருந்தால் காரியம் முடிந்திருக்கும். ஆனால் தாண்டவன் கையில் தங்கத் தோடா ஏறுவதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"பொய்" என்று கத்தினார். "மகாராஜா, இவன் ராஜத் துரோகி. கருங்கல் ஏரி சௌக்கியமாக இல்லை. நீர் அளவுக்கல்லுக்கு மேலே போய்விட்டது, கரை கசிகிறது. என் ஆள் மண்டபத்தில் தன் கண்ணால் பார்த்தான். அதன் மாலையும் கறுப்பு, கறுப்பு, வெள்ளை. அதைப் பிரித்துப்போட்டுவிட்டு அந்தப் பூக்காரி வெள்ளை மாலையை ஏற்றியிருக்கிறாள்."

ராஜா பாதி கழற்றிய தோடாவைத் திரும்ப மேலே தள்ளிக்கொண்டார்.

"கேட்டீர்களா, மகாராஜா?" என்றான் தாண்டவன். "என்னை நம்ப வேண்டாம். பிரதானியாரை நம்புங்கள். எனக்குத் தண்டனை எப்போது வேண்டுமானாலும் கொடுக்கலாம், முதலில் கதவைத் திறங்கள்."

ராஜா பிரதானியை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, "திறங்கள்" என்றார்.

திறந்தார்கள். கருங்கல் ஏரியின் தண்ணீர் கால்வாயில் சீறிக்கொண்டு வந்து மல்லிகைத் தோட்டத்தை ஒரு வாய் விழுங்கிவிட்டு ஆற்றில் விழுந்தது. ராஜா உப்பரிகையில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாண்டவன் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். காலம் கடந்து திறந்திருந்தால் என்ன ஆவது என்ற நினைப்பு அவனைத் தின்றது.

பொழுது சாய்கிற நேரத்தில் மலைப்பாதை ஓட்டக்காரன் வந்துசேர்ந்தான். உடம்பெல்லாம் சேறு. தாம்பாளத்தை மட்டும் மார்போடு அணைத்துப் பிடித்திருந்தான். அதில் கறுப்பு, கறுப்பு, வெள்ளை.

"பாதையில பெரிய மரம் விழுந்து கெடந்துச்சு, சாமி. காத்துக்கு விழுந்த மரம் இல்ல. கோடாலி பட்ட மரம். சுத்திக்கிட்டு மேட்டுல ஏறி வந்தேன். மேல நின்னு திரும்பிப் பாத்தேன். ஏரித் தண்ணி இறங்கிக்கிட்டு இருந்துச்சு. கரை அப்படியே நிக்குது."

தாண்டவனுக்கு உட்கார வேண்டும் போலிருந்தது. ராஜா இருக்கும் இடம் என்றுகூடப் பார்க்காமல் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

ராஜா மூன்று மாலைகளையும் வரிசையாக வைக்கச் சொன்னார். தாண்டவன் உட்கார்ந்தபடியே விளக்கினான். இரண்டு கையில் இருந்தால் மூன்றாவதைத் தானே கோர்த்துக்கொள்ளலாம். எந்தப் பாதை உடைந்தாலும் அப்படித்தான். பரிசல் கவிழ்ந்தாலும் கவலையில்லை, மற்ற இரண்டும் நேராக வந்துவிடும். ராஜா ஒரு மாலையைக் கைக்குள் ஒளித்துக்கொண்டு மற்ற இரண்டையும் பார்த்துக் கண்டுபிடித்தார். பிறகு வேறொன்றை ஒளித்துக்கொண்டு கண்டுபிடித்தார். குழந்தைக்குப் புது விளையாட்டுச் சாமான் கிடைத்த மாதிரி அதிலேயே லயித்துப்போனார்.

"ஒரு தாம்பாளம், ஒரு மாலை. சம்பிரதாயமும் கெடவில்லை" என்றார்.

"அதில் எந்த ராஜாவும் இல்லை, மகாராஜா. இரண்டு ராஜாக்களும் ஒற்றுமையா சண்டையா என்ற விசாரிப்பு மட்டும்தான்."

ராஜாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தோட்டத்தைச் சேற்றில் விட்டுவிட்டு அப்படி ஒரு சிரிப்பு. சிரித்து முடித்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டு பிரதானியின் பக்கம் திரும்பினார். பிரதானி தமக்கு எந்தத் தூக்குமரம் என்று யோசித்துக்கொண்டு நின்றார்.

"கோனேரியாரே, மரத்தை வெட்டியவர் நீர். ஏரியைக் காப்பாற்றியவரும் நீர்தான், பொறாமை தாங்காமல் உண்மையைக் கக்கிவிட்டீர். ஆகவே உமக்குத் தூக்கு இல்லை. நாளையிலிருந்து நீர் ஆற்றங்கரை மண்டபத்தில் வெள்ளையம்மாளிடம் உத்தியோகம் பார்க்க வேண்டும். அவள் சொல்கிறபடி மணி கோர்க்க வேண்டும். மாற்றிக் கோர்த்தீரானால், மூன்று மாலைகளும் வந்துசேருகிற நாளில் மற்ற இரண்டும் உம்மைக் காட்டிக்கொடுத்துவிடும். பொய் சொன்னால் அன்றைக்கே அகப்படுகிற உத்தியோகம் என் நாட்டில் அது ஒன்றுதான். அதற்கு உம்மைவிடப் பொருத்தமானவர் யார்?"

சபை முழுவதும் சிரித்தது. ராஜா மறுபடியும் சிரித்தார். தோடாவைத் தாண்டவன் கையில் அவரே போட்டுவிட்டு, "இன்னும் என்ன வேண்டும், கேள்" என்றார்.

"கருங்கல் ஏரி இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும், மகாராஜா. வேறொன்றும் வேண்டாம்."

"இருக்கட்டும்" என்றார் ராஜா. "என் பேரன் காலத்திலும் இருக்கட்டும்."

தாண்டவன் வீட்டுக்குப் போனபோது செங்கமலம் வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எப்போதிலிருந்து நின்றாளோ தெரியாது. அவனைக் கண்டதும் அவளுக்குக் கேட்கப் பயமாக இருந்தது.

"கரை நிக்குது" என்றான் அவன். "உங்கப்பாரு நல்லாத் தூங்குவாரு."

அவள் முகத்தை முந்தானையில் புதைத்துக்கொண்டு அழுதாள். ஒரு நாட்டையே சிரிக்கவைத்தவன், மனைவியைத் தேற்ற ஒரு விகடம்கூட வாயில் வராமல், அவள் தோளைத் தட்டிக்கொண்டு நின்றான்.

அந்த வருஷம் கருங்கல் ஏரியின்கீழே கோடையிலும் நெல் விளைந்தது. அந்த ஊர்க்காரர்கள் வயிறார உண்டு வாழ்ந்தார்கள். கேட்டவர்களும் சொன்னவனும் அப்படியே வாழட்டும்.